பாதியில் வந்து சேரும் குரல்

கொசுவை விரட்டும் நுளம்புத்திரியின் கசப்புப் புகை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு இரண்டு குரல்கள் சேர்ந்து கேட்கும். கொழும்பின் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையில், துறைமுகத்துக் கப்பல்கள் ஊதும் சத்தம் கூரைக்கு மேலாக வந்துபோகும் மாலை நேரத்தில், கதவடியில் திரியைக் கொளுத்தி வைத்துவிட்டு அம்மா எங்களைச் செபத்துக்குக் கூப்பிடுவார். மேய்ப்பனைப் பற்றிய அந்தச் சங்கீதத்தை அப்பாவும் அம்மாவும் ஒன்றாகத்தான் தொடங்குவார்கள். ஆனால் அப்பா யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூட விடுதியில் பாடமாக்கிய பழைய புரட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பில் 'கர்த்தர்', 'மேய்ப்பர்' என்று போவார், முகத்துவாரத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கரான அம்மா 'ஆண்டவர்', 'ஆயர்' என்று போவார். பாட்டின் இலக்கம்கூட ஒன்றில்லை. அப்பாவின் கறுப்பு வேதாகமத்தில் அது இருபத்துமூன்று, அம்மாவின் பழைய செபப் புத்தகத்தில் இருபத்திரண்டு. நானும் தங்கை நிமியும் அன்றன்றைக்கு யாருடைய மடிக்குக் கிட்ட இருக்கிறோமோ அவருடைய சொல்லில் சேர்ந்துகொள்வோம்.

அவர்கள் கலியாணம் கட்டியபோது இரண்டு பக்கத்திலும் முகம் கொடுக்காமல் இருந்தவர்கள் உண்டு. ஒருவரும் மற்றவருக்காக மதம் மாறவில்லை. ஒரு ஞாயிறு அப்பாவின் கோயில், அடுத்த ஞாயிறு அம்மாவின் கோயில் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். "இந்த வீட்டுப் பிள்ளைங்க செத்தா எந்த வாசலால மோட்சத்துக்குப் போகும்?" என்று முகத்துவாரத்துப் பெரியம்மா வரும்போதெல்லாம் கேட்பார். "திறந்திருக்கிற வாசலால" என்று அப்பா சொல்லுவார். பெரியம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்காது, ஆனாலும் அடுத்த முறையும் கேட்பார்.

மேய்ப்பன் என்று ஒருவனை நான் கண்டதில்லை. எங்கள் பகுதியில் ஆடுகள் இருந்தன. கோவிலடியில் வாழைப்பழத்தோலும், மதிலில் ஒட்டிய சுவரொட்டியும் தின்றுகொண்டு, பஸ் வந்தால் சாவதானமாக விலகிக்கொண்டு, யாரும் இல்லாமல் தாங்களாகவே திரியும் ஆடுகள். பின்னேரமானதும் அவை தாங்களாகவே எங்கேயோ போய்விடும். எங்கள் முன்னறைக் கலண்டரில் மட்டும் தோளில் குட்டியைச் சுமந்தபடி, நீண்ட அங்கியோடு, கையில் வளைந்த தடியோடு ஒருவர் நின்றார். எனக்குப் பிடிபடாதது அந்தத் தடிதான். கோலும் தடியும் தன்னைத் தேற்றுகின்றன என்று பாடினவன் சொல்லுகிறான். எங்கள் பள்ளிக்கூடத்திலோ ரீச்சர் பிரம்பை எடுத்தால் வகுப்பில் யாரும் தேறுவதில்லை. அப்பாவிடம் கேட்டேன்.

"அது ஆட்டுக்கு அடிக்கிற தடி இல்லை, பிள்ளை. நரிக்கு அடிக்கிற தடி" என்றார். "நல்ல மேய்ப்பன் முன்னால போவான். ஆடு அவன்ர குரலைக் கேட்டுப் பின்னால வரும்."

இன்னொரு சொல்லையும் நான் என் பாட்டில் விளங்கி வைத்திருந்தேன். மேய்ப்பர் இருப்பதால் 'தாழ்ச்சியடையேன்' என்று அப்பாவின் பாட்டில் ஒரு வரி வரும். தாழ்ச்சி என்றால் யாருக்காவது கீழே போவது என்று நான் நினைத்திருந்தபடியால், ஞாயிறு பள்ளியில் கதைத்ததற்காக ரீச்சர் முழங்காலில் நிற்கச் சொன்னபோது, நான் தாழ்ச்சியடைய மாட்டேன், வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று நேராகவே சொல்லிவிட்டேன். ரீச்சர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "தாழ்ச்சி எண்டா அங்க குறை, பிள்ளை. ஒண்டும் குறையாது எண்டுதான் சொல்லுறான். அம்மா சொல்லுறதும் நான் சொல்லுறதும் ஒண்டுதான்."

"அதத்தானே நான் கலியாணம் கட்டின நாள்ல இருந்து சொல்லுறேன்" என்றார் அம்மா, குசினிக்குள் இருந்து.

அப்பா கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். அது யுத்த காலம். 'செக் பொயின்ற்' ஒவ்வொன்றிலும் பஸ்ஸை நிறுத்துவார்கள், எல்லாரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி நடந்துபோய் மறுபக்கத்தில் ஏறவேண்டும். அம்மாவின் அட்டையில் பிறந்த இடம் கொழும்பு. அப்பாவின் அட்டையில் யாழ்ப்பாணம். அந்த ஒரு சொல்லுக்காக அப்பா எப்போதும் கொஞ்சம் முந்தியே வீட்டிலிருந்து புறப்படுவார். ஒருநாள் காலை அப்படிப் புறப்பட்டவர் கந்தோருக்குப் போய்ச் சேரவில்லை. அதே பஸ்ஸில் வந்த ஒருவர் மத்தியானம் வந்து, இறக்கின ஆட்களில் சிலரை லொறியில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டதாகச் சொன்னார்.

அம்மா குடையையும் ஒரு சோற்றுப் பார்சலையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பொலிஸ் நிலையமாக ஏறி இறங்கினார். முகத்துவாரத்தில் வளர்ந்தவர் என்பதால் அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். அந்த நாட்களில் எங்களுக்கு இருந்த பலம் அது ஒன்றுதான். சில நாட்களுக்குப் பிறகு இடத்தைக் கண்டுபிடித்தார். பார்க்க விடவில்லை. பார்சலை மட்டும் வாங்கிக்கொண்டார்களாம். அது அப்பாவிடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே ஒவ்வொரு நாளும் கட்டிக்கொண்டு போனார்.

மாலையில் ஒரு குரல்தான் கேட்டது. அம்மா தன்னுடையதைச் சொல்லி முடித்துவிட்டு, அப்பாவின் கறுப்பு வேதாகமத்தை எடுத்து அவருடையதையும் வாசிப்பார். பழக்கமில்லாத சொற்கள். 'சத்துருக்கள்' என்ற இடத்தில் ஒவ்வொரு நாளும் தடக்குப்படுவார். நிமி நித்திரையாகிவிடுவாள். எனக்கு அழுகை வரவில்லை. வீட்டில் யாராவது ஒருவர் கணக்குப் பாடத்தைப் பார்க்கவேண்டும் என்பது மாதிரியான ஒரு பொறுப்பு மட்டும் என் தலைக்குள் இருந்தது.

குற்றம் ஒன்றுமில்லை என்று அப்பாவை விட்டபோது மாதம் மாறியிருந்தது. தாடியோடு, ஓட்டோவில் வந்து இறங்கினார். நிமி அவரை அடையாளம் காணாமல் உள்ளே ஓடிவிட்டாள். குளித்தார், தாடி எடுத்தார், மறு கிழமையே கந்தோருக்கும் போகத் தொடங்கினார். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அவர் பழைய ஆள்தான். வீட்டுக்குள் இரண்டு விசயம் மாறியிருந்தது. சாப்பாட்டு மேசைக்கு வரமாட்டார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு குசினி மூலையில் குந்தியிருந்து, யாரோ பறிக்க வருவதுபோல வேகமாகச் சாப்பிட்டுவிட்டு எழும்புவார். மற்றது, மாலையில் அம்மா சங்கீதத்தைத் தொடங்கியதும் எழுந்து பின்பக்கத்துக் குழாயடிக்குப் போய்விடுவார். அது முடியும்வரை தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் கோயிலில் இருந்து போதகர் ஐயா வந்தார். வயதானவர், மெலிந்தவர், சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்து இருந்தார். கொஞ்ச நேரம் கந்தோரைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்துவிட்டு, "செபத்துக்கு இருக்கிறேல்லையாம் எண்டு கேள்விப்பட்டன், தம்பி" என்றார்.

"செபத்துக்கு இருப்பன், ஐயா. அந்தச் சங்கீதம்தான் ஏலாது."

"ஏன்?"

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் கதவு மறைவில் பாடப் புத்தகத்தோடு இருந்தேன். "எங்களை லொறியால இறக்கி முற்றத்துக்குள்ள ஓட்டினவங்கள், ஐயா. பின்னால பொல்லு. கடைசியா ஓடுறவனுக்குத்தான் விழும் எண்டு நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் இடிச்சு விழுத்திக்கொண்டு ஓடினாங்கள். ஒரு வயசுபோன மனுசனை நானும் இடிச்சனான். காலையிலயும் அப்பிடி, பின்னேரமும் அப்பிடி. எண்ணுவாங்கள், திரும்ப ஓட்டுவாங்கள். ஆடு எப்பிடி ஓடும் எண்டு அங்கதான் எனக்குத் தெரிஞ்சது. இனி நான் போய் ஒரு மேய்ப்பனுக்கு முன்னால நிண்டு, நான் உன்ர ஆடு எண்டு சொல்லட்டே?"

நல்ல மேய்ப்பர் வேறு, இவர்கள் வேறு என்று போதகர் ஐயா விளக்கம் சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன். ஞாயிறு பள்ளியில் படித்த எனக்கே அந்தப் பதில் தெரியும்.

"அப்ப சொல்லாதேங்கோ, தம்பி" என்றார். "வாய்க்கு வராததைச் சொல்லி அவரை ஏமாத்த வேண்டாம்."

அம்மா கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சைக்கிளில் போனார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவேயில்லை.

மாதங்கள் போயின. நிமியின் பிறந்தநாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. அப்பா விரும்பிச் சாப்பிடும் கட்லட்டும், ரோல்ஸும், ஐசிங் பூசாத பட்டர் கேக்கும் அம்மா செய்திருந்தார். மேசைக்கு வெள்ளை விரிப்பு. பின்னேரம் முகத்துவாரத்துப் பெரியம்மா ஆட்கள் வருவதாக இருந்தது. காலையிலிருந்து வாசலில் ஆள் சத்தம் கேட்டாலே அப்பா பின்பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டையும் வேண்டாம் என்று விட்டார்.

"கெதர கவுத இன்னே?" வீட்டில் யார் இருக்கிறீர்கள் என்ற அந்தக் குரல் கேட்டு நான்தான் கதவைத் திறந்தேன். வீடு வீடாக வரும் பதிவுச் சோதனை. பெரிய மீசையோடு ஒரு சார்ஜனும், அவருக்குப் பின்னால் வயது குறைந்த ஒரு கொன்ஸ்தாபலும் நின்றார்கள். சார்ஜன் சப்பாத்தை வாசல் கால்மிதியில் இரண்டு தரம் தேய்த்துவிட்டு உள்ளே வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "எண்ட, சார்ஜன் மஹத்தயா" என்று அம்மா சிங்களத்தில் உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னார். அவர் மேசைத் தலைப்பில், அப்பா முந்தி இருக்கும் கதிரையில் இருந்தார். கேக்கைப் பார்த்துவிட்டு யாருக்குப் பிறந்தநாள் என்று சிங்களத்தில் கேட்டார். நிமி என் சட்டையைப் பிடித்தாள்.

அம்மா பழக்கதோசத்தில் ஒரு தட்டில் கேக்கும் கட்லட்டும் வைத்துக்கொண்டிருந்தார். வந்தவருக்குக் கொடுக்க. அந்த நேரம் அப்பா அட்டையை எடுத்துக்கொண்டு பின்னறையிலிருந்து வந்தார். சார்ஜனைக் கண்டதும் நடுவழியில் நின்றுவிட்டார்.

சார்ஜன் கை நீட்டி அட்டையை வாங்கினார். அட்டையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "ஆ, ஒயாத?" என்றார். நீயா என்று, தெரிந்த ஒருவரைச் சந்தையில் கண்டதுபோல, ஒரு சின்னச் சிரிப்போடு. அப்பாவின் கைகள் தொடையோடு ஒட்டிப்போயின. தலை குனிந்தது. வீட்டுக்குள், எங்கள் முன்னறைக்குள், அப்பா வரிசையில் நிற்பதுபோல நின்றார்.

அம்மா சார்ஜனைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை; அப்பாவின் பின்னால் பொல்லோடு வந்தவர்களில் ஒருவர் இவர் என்று அம்மாவுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. கையிலிருந்த தட்டைச் சார்ஜனுக்கு முன்னால் வைக்கவில்லை. மேசையின் மறு தலைப்புக்குப் போய், அங்கிருந்த கதிரையைச் சத்தம் கேட்க இழுத்து, "இஞ்ச வந்து உக்காருங்க" என்று தமிழில் சொன்னார்.

அப்பா அசையவில்லை.

"உக்காருங்க. உங்கட வீடு இது."

அப்பா வந்து இருந்தார். அம்மா தட்டை அவருக்கு முன்னால் வைத்தார். கோப்பையில் பால் தேத்தண்ணி வார்த்து, விளிம்புவரை வார்த்து, அதையும் பக்கத்தில் வைத்தார். "சாப்பிடுங்க. காலையில இருந்து ஒண்டும் சாப்பிடல்ல." அப்பா கட்லட்டை எடுக்கும்வரை அங்கேயே நின்றார். அதற்குப் பிறகுதான் இன்னொரு தட்டை எடுத்துச் சார்ஜனுக்கு வைத்தார், மூன்றாவதைக் கொன்ஸ்தாபலுக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பொலிசை, அதுவும் அந்தக் காலத்தில், இரண்டாவதாகக் கவனிப்பது என்ன விசயம் என்று சிறுபிள்ளையான எனக்கே தெரியும். கொன்ஸ்தாபல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவின் கையிலிருந்து விரிப்பெல்லாம் தூள் கொட்டியது. ஆனாலும் மெதுவாக, மென்று, தட்டில் இருந்த எல்லாவற்றையும் சாப்பிட்டார். இரண்டு தலைப்பிலும் இரண்டு பேரும் இருந்து சாப்பிட்டார்கள். சார்ஜன் கேக்கில் பாதியை விட்டுவிட்டார். எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டார். எழும்பும்போது அடையாள அட்டையை அப்பாவின் கையில் கொடுக்காமல் விரிப்பின் மேல் வைத்துவிட்டு, கேக் நல்லது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் மனதில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. திரும்ப அவர் வரவில்லை.

கதவைச் சாத்தியதும் அப்பா எழும்பினார். "உனக்கு விசரே? அவன் கோவிச்சு என்னைத் திரும்பக் கொண்டு போயிருந்தா?"

அப்போதுதான் அம்மா கதிரையில் இருந்துவிட்டார். "பயந்துதான் செஞ்சேன்" என்றார். "ஆனா என்ட மேசையில எங்கட ஆளுக்குப் பிறகுதான் மத்த ஆள்."

அன்று மாலை பெரியம்மா ஆட்கள் போன பிறகு செபத்துக்கு இருந்தோம். அப்பா குழாயடிக்குப் போகவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. அம்மா தனியாகச் சொல்லிக்கொண்டு போனார். புல்வெளி, தண்ணீர், இருட்டுப் பள்ளத்தாக்கு, கோல், தடி. எதிரிகளின் கண்ணுக்கு முன்னால் விருந்து வைக்கும் இடம் வந்தபோது, அம்மாவின் 'விருந்து'க்குப் பக்கத்தில் அப்பாவின் 'பந்தி' கேட்டது. கரகரத்த குரல். அங்கிருந்து முடிவுவரை சொன்னார். அம்மா ஒரு சொல் தவறி, பிறகு பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். முதற்பாதியில் அப்பா பேசாமல் இருப்பார், பந்தி வரும்போது சேர்ந்துகொள்வார். அந்த இடத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் ஒரு மூச்சு நிறுத்துவது வழக்கமாகிவிட்டது, அவர் வந்து ஏறட்டும் என்று. வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் நிறுத்தாமல் சொல்லிப் போனால் நிமி அவர்களை முறைத்துப் பார்ப்பாள்.

மேல்வகுப்புக்கு வந்த பிறகு ஒருநாள் நான் காரணம் கேட்டேன். அப்பா மேசையில் இருந்து மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"முதல்ல ஆடு, மேய்ப்பன், புல்லு, தண்ணி. பிறகு பள்ளத்தாக்கு. அதுக்கங்கால நல்லாப் பார், ஆடே இல்லை. மேசை இருக்கு, தலைக்கு எண்ணெய் இருக்கு, கிண்ணம் இருக்கு. ஆட்டுக்கு ஆர் பிள்ளை மேசை போடுவினம்? எழுதினவனுக்கும் அங்க வந்து சேரேக்கதான் தான் மனுசன் எண்டு விளங்கியிருக்கு."

நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பள்ளத்தாக்கு வரும்வரை 'அவர்', 'அவர்' என்று தூரத்து ஆளைப் பற்றிச் சொல்லுவதுபோலச் சொன்னவன், இருட்டுக்குள் இறங்கியதும் 'நீர்' என்று நேரே பேசத் தொடங்குகிறான் என்றேன். மேய்ப்பன் என்ற சொல்லை அவன் அதற்குப் பிறகு பாவிக்கவேயில்லை, பக்கத்தில் நிற்பவரை யாரும் பட்டம் சொல்லிக் கூப்பிடுவதில்லைத்தானே என்றேன். அப்பா "இருக்கலாம்" என்றார். மாம்பழத்துண்டை என் பக்கம் தள்ளினார். அவருக்கு அது முழுதாகச் சம்மதமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு நாங்கள் வெள்ளவத்தைக்கு மாறினோம். நிமி கலியாணம் கட்டிக் கனடா போனாள். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த கடைசிக் காலத்தில், ஒருநாள் பின்னேரம் கட்டிலில் படுத்தபடி அம்மாவிடம், "உன்ர ஆயரைச் சொல்லு, முதலில இருந்து" என்றார். அம்மா கட்டில் ஓரத்தில் இருந்து சொன்னார். கோலும் தடியும் வந்த இடத்தில் அப்பா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா நிறுத்தலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. அப்பாவும் நிறுத்தச் சொல்லவில்லை. பந்தியின் இடத்தில் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முதற்பாதியோடு அவர் சமாதானமாகிவிட்டார் என்று அப்போதிருந்த போதகர் அடக்க ஆராதனையில் சொன்னார். அப்படி இருக்கலாம். அம்மா எப்படிச் சொல்லுகிறார் என்று கடைசியாக ஒருமுறை கேட்க ஆசைப்பட்டாரோ என்னவோ. அம்மாவிடம் கேட்டதற்கு, "கேட்டார், சொன்னேன்" என்பதோடு முடித்துக்கொண்டார். இரண்டு வருசத்தில் அம்மாவும் போனார்.

கொட்டாஞ்சேனை வீடு இருந்த இடத்தில் இப்போது தொடர்மாடி நிற்கிறது. ஒழுங்கையில் எங்களைத் தெரிந்தவர்கள் இல்லை. செக் பொயின்ற்றுகளை எடுத்துவிட்டார்கள். பஸ் அந்த இடங்களில் வேகம் குறைக்காமல் போகிறது, எந்த மதிலோரத்தில் எங்களை இறக்கினார்கள் என்று எனக்கே இப்போது சரியாகக் காட்ட முடியாது. நான் போகும் கோயிலில் சங்கீதங்களைச் சுவரில் பெரிய திரையில் போடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே மொழிபெயர்ப்பு, ஒரே இலக்கம். சபை முழுவதும் ஒரே வேகத்தில் சொல்லி, ஒரே மூச்சில் முடித்து, ஆமென் சொல்லி இருந்துவிடுகிறோம். நடுவில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.